முதல் பேருந்தில் ஏறாதவர்

"எழுதியிருக்கிறதுக்கு மேல ஒரு எழுத்துகூட நான் என் வாழ்க்கையில படிச்சது கிடையாது."

இந்தப் பிரகடனத்தை நம் நாயகர் வெளியிட்டது ஓர் அச்சகத்தின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு. எதிரே நின்றவர் ஒரு நாவலாசிரியர். அவருடைய கனமான நாவல் ஒன்று அன்றுதான் அச்சேறப் போயிருந்தது. அதன் மெய்ப்பு முழுவதையும் திருத்தியவர் நம் நாயகர் என்பதால், முதல் வாசகரின் வாயால் நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று எழுத்தாளர் நின்றார். ஆசைதான், யாரை விட்டது.

"எப்படி சார் இருந்துச்சு நாவல்?"

"ஒற்றுப்பிழை ஜாஸ்தி சார்."

"அது கிடக்கட்டும். கதை?"

"கதையா? அதை நான் பாக்கலையே."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? கடைசி அத்தியாயத்துல அந்த அம்மா சாகுற இடத்துல உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"செத்துட்டாங்களா?" நம் நாயகர் உண்மையிலேயே விசாரித்தார். "அந்தப் பக்கத்துல ஒரு வரி ரெண்டு தடவை வந்திருந்துச்சு. ஒண்ணை எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் மேற்படி பிரகடனம். நாவலாசிரியர் அடுத்த நூலை வேறு அச்சகத்துக்குக் கொண்டு போய்விட்டார். நம் நாயகருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்பட வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த அச்சகத்தில் அவர் கையால் கடந்து போன புத்தகங்களை அடுக்கினால் ஒரு சிறு வீடு கட்டலாம். கொலைகள், கல்யாணங்கள், பேரரசுகளின் வீழ்ச்சி, மூலத்துக்குக் கைவைத்தியம் எல்லாம் ஒரே வேகத்தில் அவர் கண் வழியே போய், எங்கும் தங்காமல் வெளியேறின. மனைவி ஆசையாகக் கேட்பார்: "ஏங்க, இந்தத் துப்பறியும் கதையில கொலை பண்ணது யாரு?" நம் நாயகர் நெற்றியைச் சுருக்கி, "கொலையா? எந்தப் பக்கத்துல?" என்பார்.

இந்தக் கொள்கையை அவர் வேலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் மகான்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். மனைவி "ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லை. "தலை வலிக்குது" என்றால் மாத்திரை. மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய அன்று சாயங்காலம், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்த அம்மாள், "வீடே பெருசாயிட்ட மாதிரி இருக்குங்க" என்றார். நம் நாயகர் சுவருக்குச் சுவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதே அளவுதான் இருக்கு" என்று ஆறுதல் சொன்னார்.

அச்சகம் ஒருநாள் மூடிக்கொண்டது. கணினியே பிழை திருத்துகிறது என்று முதலாளி சொன்னார். இத்தோடு ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கைச் சித்திரம் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு பேராசிரியை.

அந்த அம்மையார் பல்கலைக்கழகத்தில், கழிப்பறைக்கும் சாமான் அறைக்கும் இடைப்பட்ட ஓர் அறையில், இலக்கிய வாசிப்பை அளந்துகொண்டிருந்தார். நிஜமாகவே அளந்துகொண்டிருந்தார். படிக்கிறவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, விரல் நுனியில் நாடித்துடிப்புக்கு ஒரு கிளிப், உள்ளங்கையில் வியர்வைக்கு இரண்டு ஒட்டுப்பட்டைகள், கண்மணி விரிவதைப் பார்க்க முகத்துக்கு நேரே ஒரு கேமரா. எதிரே திரையில் கதை ஓடும், பக்கத்துத் திரையில் கோடு ஓடும். அவர் கட்சி இதுதான்: கதை படிப்பது பொழுதுபோக்கு அல்ல, மனிதர்கள் யோசிக்கிற முறைகளில் ஒன்று. எழுத்தில் இருப்பது பாதிதான். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை வாசிக்கிறவர் தன் சரக்கை எடுத்துப் போட்டு நிரப்பிக்கொள்கிறார். எந்த இடத்தில், எவ்வளவு நிரப்புகிறார் என்று பிடித்துவிட்டால் மண்டைக்குள் நடக்கும் பெரிய வியாபாரம் ஒன்று பிடிபட்டுவிடும்.

நல்ல கட்சிதான். ஆனால் அளப்பதற்குப் பூஜ்யம் வேண்டுமே. தராசு காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கும் என்று தெரியாமல் எதை நிறுப்பது? எதைப் படித்தாலும் எதையும் நிரப்பிக்கொள்ளாத ஒரு மனிதர் தேவைப்பட்டார். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. காவலாளிக்கு மின்கட்டண அறிவிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், கண் கலங்கிவிட்டது. துணைவேந்தரின் சுற்றறிக்கையைக் கணக்குப் பிரிவு ஆளிடம் கொடுத்தார்கள். கோடு கூரையைத் தொட்டது.

பேராசிரியையின் புத்தகம் ஒன்று முன்பு நம் நாயகரின் கையில் மெய்ப்புக்குப் போயிருந்தது. அதில் மேற்கோளாக வந்த ஒரு சோகமான பகுதியை அவர் படித்துவிட்டுப் பக்க ஓரத்தில் 'மேற்கோள்குறி மூடப்படவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது அம்மையாருக்கு ஞாபகம் வந்தது. ஆளைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். உலகத்திலேயே துயரமான கதைகளைத் திரையில் ஓட விட்டார். கோடு, மேஜை மேல் வைத்த அளவுகோல் மாதிரி கிடந்தது. அம்மையார் கண்ணில் நீர் வந்தது.

"நீங்க என்ன யோசிச்சீங்க, படிக்கும்போது?"

"ஒண்ணும் யோசிக்கல மேடம். ரெண்டு இடத்துல சந்தி தப்பு."

அன்று முதல் அவர் ஒப்பீட்டு வாசகர். நியமன ஆணையில் ஆய்வக உதவியாளர் என்று இருக்கும். நாற்காலி துடைப்பது, ஒட்டுப்பட்டை மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்புதான். ஆனால் தினமும் காலையில், வேறு யாரும் உட்காருவதற்கு முன், அவர் நாற்காலியில் அமர்ந்து ஒரு பத்தியைப் படிப்பார். கோடு தட்டையாக இருந்தால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் செல்லமாக அவருக்குப் பூஜ்யம் சார் என்று பெயர். மனைவிக்கு விஷயம் தெரிந்தபோது சொன்னார்: "ஊர்ல எல்லாரும் ஏதாவது ஆகிப் பேர் வாங்குவாங்க. நீங்க ஒண்ணும் ஆகாமலே பேர் வாங்கிட்டீங்க. அதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

அந்தப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை எழுதியவர் ஒருவர் அல்லர், ஒரு குழு. யாருக்கும் எதுவும் தோன்றாத கதை ஒன்றை உருவாக்குவது குழுவின் பணி. இதற்கெனக் குழு அமைக்கத் தேவையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பல்கலைக்கழகத்தில் அப்படி நினைக்கக் கூடாது. முதல் வரைவில் ஒரு நாய் இருந்தது. நாய் இரக்கத்தைத் தூண்டும் என்று விரட்டினார்கள். மழை இருந்தது. மழை வந்தால் பின்னாலேயே கவிதை வந்துவிடும் என்று நிறுத்தினார்கள். குடை, மழையை நினைவூட்டும் என்பதால் பையாக மாற்றப்பட்டது. பெண் இருந்தார், காரணம் சொல்லாமலே எடுத்தார்கள். சுவர் சிவப்பாக இருந்தது, சாம்பலாக்கினார்கள். இவ்வளவையும் எடுத்த பிறகு பத்தி தேவையான நீளத்துக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவர், "இன்னொரு பஸ்ஸை விட்டுடுங்க" என்றார். விட்டார்கள். இறுதி வடிவம் இப்படி அமைந்தது:

ஒரு மனிதர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். அவர் கையில் ஒரு பை இருக்கிறது. சாலையின் எதிரே ஒரு சுவர் இருக்கிறது. சுவரின் நிறம் சாம்பல். ஒரு பேருந்து வருகிறது. அது நிற்கிறது. பிறகு அது கிளம்புகிறது. மனிதர் நிற்கிறார். இன்னொரு பேருந்து வருகிறது. மனிதர் அதில் ஏறுகிறார். பேருந்து கிளம்புகிறது.

இதை நம் நாயகர் வருஷக்கணக்காகத் தினமும் படித்தார். தட்டைக் கோடு. சுபம்.

விதி ஒன்றும் இருந்தது. ஒப்பீட்டு வாசகரின் கோடு எப்போதாவது அசைந்தால், அசைந்தது ஆள்தான் என்று உறுதியானால், அவர் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் போகிற இடம் அடுத்த அறை. பழைய விடைத்தாள் மூட்டைகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றுகிற உத்தியோகம். அங்கே ஏற்கெனவே இருந்தவர் ஓய்வு பெற்றதை யாரும் கவனிக்கவில்லை என்பார்கள். நம் நாயகருக்கு அந்தக் கதவைப் பார்க்கவே பிடிக்காது. வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் இடத்தில் அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலை வந்திருந்தது. அதை விட்டுக் கரையானிடம் போவதாவது.

இதற்கிடையே மகளுக்குக் குழந்தை பிறந்தது. வெளியூரிலிருந்த மகளுக்கு ஒத்தாசையாக மனைவி கிளம்பினார். குழந்தை தலை நிற்கும்வரை என்றார். தலை நின்றது. தவழும்வரை என்றார். தவழ்ந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை என்ற பேச்சு காதில் விழ ஆரம்பித்தது. சாயங்காலம் ஒரு போன் வரும்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"சாப்பாடு."

"இங்க வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போனா என்ன? புள்ள உங்க போட்டோவப் பாத்து யாரு யாருன்னு கேக்குது."

"லேப் இருக்குல்ல."

"ஆமா. நீங்க இல்லன்னா அந்த நாற்காலி அழும்." பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம். "சரி, வைக்கட்டுமா?"

"வைம்மா."

வைத்துவிடுவார். எழுதப்பட்டது அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் எல்லோரும் ஐந்து மணிக்குப் பையைத் தூக்கினால் நம் நாயகர் துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார். வயர்களைச் சுருட்டி, பிரித்து, ஒழுங்காகச் சுருட்டுவார். காவலாளி விளக்கை அணைத்துக் குறிப்புக் காட்டிய பிறகு கிளம்புவார்.

ஒருநாள் காலையில் கோட்டில் ஒரு மேடு தெரிந்தது.

பெரிய மேடு அல்ல. சோற்றில் கல் மாதிரி. அதைப் பார்த்தவள் ஆய்வு மாணவி. பேராசிரியையிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, முடிக்க வேண்டிய காலத்தையும் தாண்டி, கல்யாணத்தைத் தள்ளி வைத்து, தள்ளி வைத்த மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கிற நிலைக்கு வந்திருந்த பெண். கண்ணுக்குக் கீழே நிரந்தரமாக இரண்டு நிழல்கள்.

"சார், அசைஞ்சீங்களா?"

"இல்லையேம்மா."

"தும்மல்?"

"இல்ல."

அவள் மேடு வந்த இடத்தைப் பத்தியோடு பொருத்திப் பார்த்தாள். 'மனிதர் நிற்கிறார்' என்ற இரண்டாவது இடம். முதல் பேருந்து போன பிறகு வருவது. மறுநாளும் அதே இடத்தில் மேடு. அதற்கு மறுநாள் மேடு கொஞ்சம் வளர்ந்திருந்தது.

பழுது பார்ப்பவர் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பதால் அவருக்குத் திருப்புளி என்று பெயர். கருவியைத் திறந்து, உள்ளே ஊதி, மூடினார்.

"உள்ள எல்லாம் கிளியரா இருக்கு. ஆளை மாத்திப் பாத்தீங்களா?"

"நீங்களே உக்காந்து பாருங்க அண்ணே" என்றாள் மாணவி.

திருப்புளி உட்கார்ந்தார். பத்தியைப் படித்தார். கோடு துள்ளிக் குதித்தது.

"என்ன அண்ணே, இந்தக் கதைக்குப் போய் இப்படி?"

"கதையா? நான் வண்டியை வைஸ் சான்சலர் கார் பக்கத்துல நிறுத்திட்டு வந்துட்டேம்மா. பஸ்ஸுன்னு படிச்சதும் அது ஞாபகம் வந்துடுச்சு." அவர் கிளிப்பை உருவிக்கொண்டு ஓடினார்.

பூஜ்யம் என்பது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல என்பது மீண்டும் நிரூபணமாயிற்று. வயரை மாற்றினார்கள். ஒட்டுப்பட்டையை மாற்றினார்கள். நாற்காலியின் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து அட்டை வைத்தார்கள். மேடு அசையவில்லை.

காரணம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எப்படி ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு சாயங்காலம் தன் பேருந்து வந்து நிற்க, காலை எடுத்து வைக்காமல் நின்றுவிட்டார். கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லையா பெரியவரே?" என்றார். பேருந்து போனது. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு அடுத்ததற்கு நின்றபோது, கதையில் வரும் ஆளும் இப்படித்தானே நிற்கிறார் என்று பட்டது. பட்டதோடு போயிருக்கலாம். அவர் ஏன் முதல் பேருந்தில் ஏறவில்லை என்ற கேள்வி கூடவே வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறக்கும்வரை பின்னால் நின்றது.

நம் நாயகர் சும்மா விட்டுவிடவில்லை. படிக்கும்போது மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்ப் பார்த்தார். தாண்டும்போதே கீழே அந்த மனிதர் அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது. அன்றைக்கு வந்த மேடுதான் எல்லாவற்றிலும் பெரியது.

பேராசிரியை ஒருநாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அம்மையாருக்கும் வயதாகிவிட்டிருந்தது. ஒரு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இன்னொரு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கருவி கெட்டிருக்கலாம். இல்ல, நீங்க மாறியிருக்கலாம். மனுஷங்க மாறுவாங்க, அதுல குத்தம் இல்ல. எது?"

நம் நாயகர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியே அந்த விடைத்தாள் அறையின் கதவு தெரிந்தது.

"நானா மேடம்? எழுதியிருக்கிறதுக்கு மேல ஒரு எழுத்து நான் படிச்சிருக்கேனா இத்தனை வருஷத்துல?"

அம்மையார் அவரை நம்பினார். அவரை நம்பித்தானே அந்தத் துறையே நின்றுகொண்டிருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்போ கருவிதான்" என்றார்.

கருவிதான் என்றால் அதற்கு ஒரு பொருள் இருந்தது. எப்போதிலிருந்து அது கோணலாக அளக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே அதில் மாணவி அளந்த அத்தனையும் செல்லாது. அவள் புதுக் கருவி வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு, முன்பு உட்கார்ந்து கதை படித்தவர்களையெல்லாம் மறுபடி தேடிப் பிடித்து, மறுபடி உட்கார வைத்து, மறுபடி அளக்க வேண்டும். ஆள்தான் மாறினார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அளந்தது அளந்ததுதான், ஆள் மட்டும் அடுத்த அறைக்கு. இரண்டும் நம் நாயகருக்கு நன்றாகத் தெரியும். வாக்கியமாகவே தெரியும்.

அன்று சாயங்காலம் கருவியை மூடிக் கட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாணவி அவரை உட்கார வைத்தாள். படித்தார். மேடு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து அவரிடம் நீட்டினாள். மீதியைத் தின்றுகொண்டே திரையை அணைத்தாள்.

"மேடம் சொல்லிட்டாங்களாம்மா?"

"சொல்லிட்டாங்க சார்."

"இனி என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது? இன்னும் ரெண்டு வருஷம்னு எங்கம்மாகிட்ட சொல்லணும். அவங்க சரின்னுதான் சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

அவள் அவருடைய உள்ளங்கையிலிருந்து ஒட்டுப்பட்டையை உரித்தாள். வழக்கமாக ஒரே இழுப்பில் உரிப்பவள் அன்று ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தாள், தோலுக்கு வலிக்குமோ என்று பார்ப்பவள்போல. நம் நாயகர் 'அவ்வளவுதான்' என்ற சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவ்வளவுதான் இல்லை.

விரலிலிருந்த கிளிப்பைத் தானே கழற்றினார். வயரைச் சுருட்டி அவள் கையில் வைத்தார்.

"கருவி நல்லாத்தான்மா இருக்கு. மேடம்கிட்ட போய்ச் சொல்லு. நானும் வந்து சொல்றேன்."

அவள் நிமிர்ந்தாள். "சார்?"

"அந்த ஆளு முதல் பஸ்ல ஏறலை இல்ல."

"எந்த ஆளு?"

"நம்ம ஆளுதான். கதையில."

"அதுவா... அது நீளம் பத்தலைன்னு குழுவுல சேத்தது சார். இன்னொரு பஸ் வேணும்னு யாரோ—"

"அது குழுவுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?"

மாணவி எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நம் நாயகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், மூன்றாவது மனிதரின் சமாச்சாரத்தைப் பேசுகிறவர் வழக்கமாகச் செய்வதுபோல.

"முதல் பஸ்ல போனா வெளிச்சத்துலயே வீடு வந்துடும். பூட்டின வீடு வெளிச்சத்துல ரொம்பப் பூட்டியிருக்கும்மா. கொஞ்சம் இருட்டிடுச்சுன்னா அவ்வளவு தெரியாது. அதான் ஒரு பஸ்ஸை விடுறாரு. வேற ஒண்ணும் இல்ல."

அவள் கேட்டாள்: "பையில என்ன சார் இருக்கு?"

"ரெண்டு தக்காளி, ஒரு ரொட்டி" என்றார் நம் நாயகர். "ஒரு ஆளுக்கு அதுக்கு மேல எதுக்கு?"